கூமாப்பட்டி ரீலும் பால்கோவாப் பதமும்

வத்திராயிருப்பைத் தாண்டி மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்த்துப் போனால் கூமாப்பட்டி வரும். நெல், தென்னை, மா என்று பச்சை பிடித்த ஊர். ஊருக்கு மேலே பிளவக்கல்லில் பெரியாறு, கோவிலாறு என்று இரண்டு சின்ன அணைகள். (முல்லைப் பெரியாறு வேறு, இது 47 அடி உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும் உள்ளூர்ப் பெரியாறு.) வெளியூர்க்காரர்கள் அந்தப் பக்கம் வந்தால் பெரும்பாலும் சதுரகிரிக்கு வந்தவர்களாகத்தான் இருப்பார்கள். தாணிப்பாறையில் இறங்கி மலையேறி, சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள்.

2025 ஜூனில் கதை மாறியது. தங்கபாண்டி என்ற உள்ளூர் இளைஞர் தண்ணீருக்குள் நின்றுகொண்டு, "ஏங்க..." என்று இழுத்துக் கூப்பிட்டு, மனசு சரியில்லாதவர்கள் எல்லாரும் எங்கள் ஊருக்கு வாருங்கள் என்று அழைத்த இன்ஸ்டாகிராம் ரீல் காட்டுத்தீயாகப் பரவியது. தனித் தீவு என்றார், சொர்க்கம் என்றார். நம்பிக் காரை எடுத்துக்கொண்டு வந்தவர்களை வரவேற்றது நீர்வளத்துறையின் கட்டுப்பாட்டில் இருக்கும் அணை. அங்கே இறங்கிக் குளிக்க அனுமதி கிடையாது என்று அதிகாரிகள் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. ஆனாலும் ஊர் பிரபலமாகிவிட்டது. இளைஞர் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குப் போனார். பல வருடமாகப் பாழடைந்து கிடந்த பிளவக்கல் அணைப் பூங்காவைச் சீரமைக்க 10 கோடி ரூபாய் என்ற அறிவிப்பும் வந்தது.

இந்த மாதிரி விஷயம் நடந்தால் டீக்கடை பெஞ்சில் இரண்டு கட்சி உருவாகும். "அவனுக்கு நேரம்டா" என்பது ஒரு கட்சி. "விடாம போட்டுக்கிட்டே இருந்தான், பிடிச்சுக்கிச்சு" என்பது இன்னொன்று. வாழ்க்கையில் முன்னேறுவது எப்படி என்று எழுதப்படும் புத்தகங்கள் எல்லாமே இரண்டாவது கட்சியைச் சேர்ந்தவை. உண்மையில் இது ஆய்வுக்கூடத்தில் சோதித்துப் பார்க்கக்கூடிய கேள்வி. சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். கிடைத்த பதில் இரண்டு கட்சிக்கும் முழுத் திருப்தி தராது.

மேத்யூ சல்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஓர் இணையதளம் கட்டினார்கள். யாரும் கேள்விப்படாத குழுக்களின் 48 பாடல்களை அதில் போட்டார்கள். 14,341 பேர் வந்து கேட்டு, பிடித்ததைத் தரவிறக்கிக்கொண்டார்கள். வந்தவர்களில் ஒரு பகுதியினருக்குப் பாடல்களின் பெயர் மட்டும் காட்டப்பட்டது. அடுத்தவர் எதைத் தேர்ந்தெடுத்தார் என்று தெரியாது. மற்றவர்களை எட்டுத் தனித்தனி 'உலகங்களாக'ப் பிரித்தார்கள். ஒவ்வொரு உலகத்திலும் அந்த உலகத்து ஆட்கள் எந்தப் பாட்டை எத்தனை முறை எடுத்தார்கள் என்ற எண்ணிக்கை தெரியும். எல்லா உலகமும் பூஜ்ஜியத்தில் தொடங்கின. பாடல்களும் அவையே, கேட்பவர்களும் ஒரே மாதிரிக் கூட்டம்.

தரம்தான் வெற்றியை முடிவு செய்கிறது என்றால் எட்டு உலகத்திலும் ஒரே பாட்டு முதலிடம் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. 52மெட்ரோ என்ற குழுவின் 'லாக்டவுன்' பாடல், அடுத்தவர் பேச்சு காதில் விழாமல் கேட்டவர்களின் கணக்கில் 26ஆவது இடம்; ஏறக்குறைய நடுவில். ஓர் உலகத்தில் அது முதலிடத்துக்குப் போனது. இன்னோர் உலகத்தில் 40ஆவது இடத்துக்குச் சரிந்தது. ஆரம்பத்தில் தற்செயலாக நாலு பேர் கூடுதலாக எடுத்தால், அந்த எண்ணிக்கையைப் பார்த்து அடுத்த நாற்பது பேர் எடுக்கிறார்கள். கூட்டம் இருக்கிற புரோட்டாக் கடைக்கே கூட்டம் போகிற கதை.

2006இல் 'சயன்ஸ்' இதழில் வெளியான இந்த ஆய்வில் இன்னொரு பாதியும் உண்டு, அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மிக நல்ல பாடல்கள் அடிமட்டத்துக்குப் போனது அரிது. மிக மோசமானவை உச்சிக்கு ஏறியதும் அரிது. இரண்டுக்கும் நடுவில் இருந்தவைதான் எப்படி வேண்டுமானாலும் ஆயின. நம்மில் பெரும்பாலோர் இருப்பது அந்த நடுவில்தான் என்பதைக் கொஞ்சம் வருத்தத்துடன் ஒப்புக்கொள்ளலாம்.

சுயமுன்னேற்றப் புத்தகங்களின் கோளாறு இங்கே பிடிபடுகிறது. அவை ஜெயித்தவரிடம் போய், "என்ன செய்தீர்கள்?" என்று கேட்கின்றன. "காலையில் நாலு மணிக்கு எழுந்தேன்" என்கிறார். ஸ்ரீவில்லிபுத்தூர் சுற்றுவட்டாரத்தில் பால் கறக்கிற அத்தனை பேரும் நாலு மணிக்கு எழுந்துவிடுகிறவர்கள்தான். அவர்களைப் பற்றி யாரும் புத்தகம் போடுவதில்லை. கூமாப்பட்டிக்குப் பிறகு எத்தனையோ ஊர்க்காரர்கள் அதே பாணியில் தங்கள் ஊருக்கு அழைத்து ரீல் போட்டார்கள். அதில் எந்த ஊர் ஞாபகம் இருக்கிறது? தோற்றவை கண்ணில் படுவதில்லை. அதனால் ஜெயித்தவர் செய்ததெல்லாம் ஜெயிப்பதற்கான காரணம்போலத் தெரிகிறது.

அப்படியானால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதானா? ரொபெர்ட்டா சினாட்ரா, ஆல்பர்ட்-லாஸ்லோ பாரபாசி முதலியோர் 2016இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில் உதவுகிறது. ஆயிரக்கணக்கான விஞ்ஞானிகளின் ஆய்வுக்கட்டுரைகளை வெளியான வரிசையில் அடுக்கி, ஒவ்வொருவரின் மிகச் சிறந்த கட்டுரை, அதாவது மற்றவர்கள் அதிகம் எடுத்தாண்ட கட்டுரை, வரிசையில் எந்த இடத்தில் வருகிறது என்று பார்த்தார்கள். முதல் கட்டுரையாக இருக்கலாம், கடைசியாக இருக்கலாம், நடுவிலும் இருக்கலாம். எல்லா இடத்துக்கும் ஒரே அளவு வாய்ப்பு. சாதிப்பதெல்லாம் இளமையில்தான் என்று தோன்றுவதற்குக் காரணம் எளிது: இளமையில் கட்டுரைகளை அதிகம் எழுதுகிறார்கள், வயது ஏற ஏறக் குறைத்துக்கொள்கிறார்கள். குறைந்தது முயற்சியின் எண்ணிக்கைதான். ஒவ்வொரு முயற்சிக்கும் உள்ள வாய்ப்பு குறையவில்லை.

தங்கபாண்டியின் அந்த ரீல் அவருடைய முதல் பதிவு அல்ல. எந்தப் பதிவு பிடிக்கும் என்று அவருக்கும் முன்கூட்டித் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. கொட்டுகிற மழையைக் கண்மாய்க்காரர் தீர்மானிக்க முடியாது; எத்தனை கண்மாய் வெட்டி வைப்பது என்பது அவர் கையில் இருக்கிறது.

ஆனால் இதில் ஒரு நியாயக்குறைவு உண்டு, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. எத்தனை முறை முயலலாம் என்பது எல்லாருக்கும் ஒன்றல்ல. அப்பாவுக்கு நாலு ஏக்கர் தோப்பு இருக்கிற பையன் மூன்று தொழில் தொடங்கித் தோற்றுவிட்டு நாலாவதைத் தொடங்கலாம். தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் அம்மாவின் சம்பளத்தில் படித்தவனுக்கு ஒரு முறைதான், சில நேரம் அதுவும் இல்லை. 'தோல்விக்குப் பயப்படாதே' என்று மேடையில் முழங்குகிறவர் முதலில் கேட்பவரின் வங்கிக் கணக்கைப் பார்க்க வேண்டும். இந்த ஆய்விலிருந்து கையில் காசில்லாதவர் எடுத்துக்கொள்ளக்கூடியது, முயற்சியின் விலையைக் குறைப்பது. கடை பிடித்து அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் வாரச்சந்தையில் ஒரு நாள் விற்றுப் பார்ப்பது. வேலையை விடுவதற்கு முன் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தத் தொழிலைச் செய்து பார்ப்பது. ரீல் போட ஆகும் செலவு டேட்டா மட்டும்தான். இத்தனை பேர் அதில் இறங்குவதற்கு அது முக்கியமான காரணம்.

சரி, ஒவ்வொரு முயற்சியின் தரத்தைக் கூட்டுவது எப்படி? அதற்கு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போக வேண்டும். கோபுரத்துக்கு அல்ல, அதைப் பார்த்துக்கொண்டு இருக்கிற பால்கோவாக் கடைகளின் பின்கட்டுக்கு.

பாலில் ஏறக்குறைய 87 சதவீதம் தண்ணீர். அதை அடுப்பில் வைத்து, அடிப்பிடிக்காமல் கிண்டி வற்றவிட்டு, சர்க்கரை சேர்த்து இறக்கினால் பால்கோவா. சொல்லும்போது இவ்வளவுதான். எப்போது சர்க்கரை போடுவது, எப்போது தீயைக் குறைப்பது, எப்போது இறக்குவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கொஞ்சம் முந்தினால் ஓடும், கொஞ்சம் பிந்தினால் கருகும். பாலில் உள்ள புரதமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து நிறமும் மணமும் மாறுவதை வேதியியலில் மெயில்லார்ட் வினை என்பார்கள். கிண்டுகிறவருக்கு அந்தப் பெயர் வேண்டாம். அவருக்குத் தெரிந்த சொல் பதம். கரண்டி இழுக்கும்போது கையில் தெரியும் கனம், கொதிக்கும் சத்தம், ஓரத்தில் திரளும் விதம், இவற்றை வைத்துச் சொல்லிவிடுவார். 2019இல் புவிசார் குறியீடு வாங்கியது ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா. இந்தப் பதம் எந்தச் சான்றிதழிலும் எழுத முடியாத பகுதி.

ஆண்டர்ஸ் எரிக்சன் என்ற உளவியலாளர் 1993இல் மேற்கு பெர்லின் இசைக் கல்லூரி வயலின் மாணவர்களை வைத்து ஒரு கட்டுரை வெளியிட்டார். மிகச் சிறந்த மாணவர்கள் 18 வயதுக்குள் சராசரியாக 7,400 மணி நேரம் தனியாகப் பயிற்சி செய்திருந்தார்கள். பின்னால் இசை ஆசிரியராகப் போகிறவர்கள் அதில் பாதிக்கும் குறைவு. 2008இல் மால்கம் கிளாட்வெல் தன் புத்தகத்தில் இதை '10,000 மணி நேர விதி' என்று பிரபலமாக்கினார். எரிக்சனே அதை ஏற்கவில்லை. மணிக்கணக்கு முக்கியமல்ல, தவறு உடனே தெரிந்து, திருத்தி, மறுபடி செய்யும் பயிற்சிதான் முக்கியம் என்றார்.

2014இல் புரூக் மெக்நமாராவும் சகாக்களும் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். ஆளுக்கு ஆள் திறமை வேறுபடுவதில் பயிற்சியின் பங்கு, சதுரங்கம் போன்ற ஆட்டங்களில் 26 சதவீதம், இசையில் 21, விளையாட்டில் 18. கல்வியில் 4. அலுவலக வேலை, தொழில்முறைப் பணிகளில் 1 சதவீதத்துக்கும் கீழே.

ஏன் இப்படி? 'கனிவான சூழல்', 'கெடுதலான சூழல்' என்று ராபின் ஹோகார்த் என்ற உளவியலாளர் செய்த பாகுபாடு இதற்கு நல்ல விளக்கம். பால்கோவாச் சட்டி கனிவான ஆசிரியர். தப்புச் செய்தால் ஒரு மணி நேரத்துக்குள் மூக்குக்குத் தெரிந்துவிடும், அடுத்த சட்டியில் திருத்திக்கொள்ளலாம். அலுவலகம் அப்படியல்ல. ஒரு மேலாளர் இன்று எடுத்த முடிவு சரியா என்பது இரண்டு வருடம் கழித்துத் தெரியும். அதற்குள் அவர் மாற்றலாகிப் போயிருப்பார். ஒருவர் இருபது வருட அனுபவம் என்று சொல்வது சில சமயம் ஒரே வருட அனுபவத்தை இருபது முறை செய்ததாக இருக்கும். ஆகவே அலுவலகத்தில் இருப்பவர் தன் சட்டியைத் தானே அடுப்பில் ஏற்ற வேண்டியிருக்கிறது. இந்த மாதம் விற்பனை எவ்வளவு வரும் என்று நினைக்கிறோம், இந்த வாடிக்கையாளர் திரும்ப வருவாரா என்று ஒரு நோட்டில் முன்கூட்டியே எழுதிவைத்து, மாதக் கடைசியில் ஒத்துப்பார்ப்பது ஒரு வழி. கூச்சமாக இருக்கும். கருகின வாசனை வந்தால்தானே பதம் தெரியும்.

எந்தத் தொழிலில் இறங்குவது, எப்போது ஒன்றில் நிலைப்பது என்ற கேள்விக்கும் ஓரளவு பதில் கிடைத்திருக்கிறது. டாஷுன் வாங் என்பவரின் குழு ஓவியர்கள், திரைப்பட இயக்குநர்கள், விஞ்ஞானிகள் ஆகியோரின் வாழ்க்கையை ஆராய்ந்து 2018இல் ஒன்றைச் சொன்னது: பத்தில் எட்டு, ஒன்பது பேருக்கு வாழ்வில் ஒரு 'சூடு பிடித்த காலம்' வருகிறது. அந்தச் சில வருடங்களில் தொட்டதெல்லாம் துலங்குகிறது. ஓவியருக்கு சராசரி ஐந்தே முக்கால் வருடம், விஞ்ஞானிக்கு நாலு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. 2021இல் அதே குழு அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று தேடியது. பல பாணிகளில் அலைந்து பார்த்துவிட்டு, பிறகு ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஆழமாகத் தோண்டியவர்களுக்குச் சூடு பிடித்தது. அலைவது மட்டும் போதவில்லை, ஆரம்பத்திலேயே ஒன்றில் குந்திக்கொள்வதும் போதவில்லை. வரிசை முக்கியம்.

ராஜபாளையத்துக்காரர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். பஞ்சு விளையும் சீமையில் நூற்பாலை இயல்பான தொடக்கம். அதே மனிதர் 1957இல் மெட்ராஸ் சிமெண்ட்ஸைத் தொடங்கினார். 1965இல் ராம்கோ என்ற அந்தக் குழுமம் கூரைத் தகட்டுக்குப் போனது, 1990களில் மென்பொருளுக்கும் போனது. இவற்றில் சிமெண்டைத்தான் இறுக்கிப் பிடித்து வளர்த்தார்கள். இன்று ராம்கோ என்றால் நாடு முழுக்க முதலில் ஞாபகம் வருவது மூட்டைதான், நூல்கண்டு அல்ல.

இனி ஆட்கள். வேலை கிடைப்பதில் சிபாரிசுக்குப் பெரிய பங்கு உண்டு என்று எல்லாருக்கும் தெரியும். யாருடைய சிபாரிசு என்பதில்தான் வியப்பு. மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் அமெரிக்காவின் நியூட்டன் நகரத்தில், தெரிந்தவர் மூலமாக வேலை மாறிய ஆட்களிடம், சொன்னவரை எத்தனை நாளைக்கு ஒருமுறை பார்ப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி பார்க்கிறவர் மூலம் கிடைத்ததாகச் சொன்னவர்கள் 17 சதவீதம்கூட இல்லை. மற்றவர்களுக்கெல்லாம் எப்போதாவது பார்க்கிறவரோ, பார்ப்பதே அபூர்வமான ஆளோதான் சொல்லியிருந்தார். 1973இல் இதை 'பலவீனமான பிணைப்புகளின் பலம்' என்று எழுதினார். காரணம் சுலபம். மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும் நெருங்கிய நண்பனுக்கும் தெரிந்தது நமக்கும் தெரியும். எல்லாரும் ஒரே வட்டத்தில் இருப்பவர்கள். பள்ளியில் கூடப் படித்து இப்போது திருப்பூரில் இருக்கிறவன், ஓசூர் கம்பெனியில் சேர்ந்த பக்கத்துத் தெரு அக்கா, இவர்கள்தான் நமக்குத் தெரியாத செய்தி வைத்திருப்பவர்கள்.

2022இல் கார்த்திக் ராஜ்குமார் முதலியோர் லிங்க்ட்இன் தளத்தில் 2 கோடிப் பேரை ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வு, இதைக் கொஞ்சம் திருத்தியது. மிகவும் பலவீனமான தொடர்பைவிட ஓரளவு பலவீனமான தொடர்புதான் அதிகம் உதவியது. இருவருக்கும் பொதுவாகத் தெரிந்தவர் ஒரு பத்துப் பேர் இருந்தால் நல்லது. நூறு பேர் இருந்தால் அது சொந்தக்கார வீடு. திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் ஊருக்கு வருகிறவர்களிடம், "இப்போ எங்கே இருக்கீங்க, அங்கே எப்படி?" என்று இரண்டு நிமிடம் நின்று பேசுவது வெறும் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

கடைசியில் உந்துதல் பேச்சு. கேட்டால் ரத்தம் சூடாகிறது, உண்மை. பிறகு? 2002இல் பிரிட்டனில் 248 பேரை மூன்று குழுவாகப் பிரித்து, வாரம் ஒருமுறையாவது உடற்பயிற்சி செய்யச் சொன்னார்கள். ஒரு குழுவுக்கு ஒன்றும் தரவில்லை. அதில் 38 சதவீதம் பேர் செய்தார்கள். இரண்டாவது குழுவுக்கு ஊக்கமூட்டும் வாசிப்பு கொடுத்தார்கள். இதயம், ஆயுள் என்று. 35 சதவீதம் பேர் செய்தார்கள். ஊக்கம் ஏறியும் உடம்பு எழவில்லை. மூன்றாவது குழுவும் அதையே படித்தது; கூடவே எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் செய்வேன் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தது. 91 சதவீதம். பிறகு வந்த ஆய்வுகளில் வித்தியாசம் இவ்வளவு பெரிதாக எப்போதும் வரவில்லை. ஆனால் பீட்டர் கோல்விட்சரும் பாஸ்கல் ஷீரனும் 94 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் அந்த ஒரு வரியின் பலன் நின்றது.

கூமாப்பட்டியிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு தினமும் பஸ் ஏறி, குரூப் 4 தேர்வுக்குக் கோச்சிங் சென்டர் போகிற ஒரு பெண்ணை வைத்துக்கொள்வோம். 'இனிமேல் நன்றாகப் படிப்பேன்' என்பது அவளுக்கு உதவாது. 'பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் நேற்றுப் படித்த பாடத்தைப் புத்தகம் திறக்காமல் சொல்லிப்பார்ப்பேன்' என்பது உதவும். இரண்டு காரணத்துக்காக. ஒன்று, மேலே சொன்னது: இடமும் நேரமும் கட்டப்பட்டுவிட்டது. மற்றொன்று, புத்தகத்தை மூடிவைப்பதில் இருக்கிறது. ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கும் 2006இல் மாணவர்களிடம் ஒரு பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு கூட்டம் நாலு முறை திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு கூட்டம் ஒரே முறை படித்துவிட்டு, மூன்று முறை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்த கூட்டம் ஜெயித்தது, 83க்கு 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அவர்கள் 40 சதவீதத்துக்கு இறங்கிவிட்டார்கள். எழுதிப் பார்த்தவர்கள் 61இல் நின்றார்கள். பிளஸ் டூ தேர்ச்சியில் 2023இல் மாநிலத்திலேயே முதலாவதாக வந்தது இந்த ஊர்கள் இருக்கும் விருதுநகர் மாவட்டம். இங்கே பள்ளிக்கூடத்தில் சிலிப் டெஸ்ட் என்று சலிக்கச் சலிக்க எழுதியவர்கள், அது மார்க் போடுவதற்கு மட்டும் அல்ல, மூளையில் ஏற்றுவதற்கும்தான் என்று இப்போது மன்னித்துக்கொள்ளலாம்.

பஸ்ஸில் சொல்லிப்பார்ப்பது எத்தனை நாளில் தானாக வர ஆரம்பிக்கும்? 21 நாள் என்று ஒரு பேச்சு உண்டு. பிலிப்பா லாலி என்ற ஆய்வாளர் 2010இல் லண்டனில் 96 பேரிடம் கவனித்தபோது நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஒருவருக்கு 18 நாள், இன்னொருவருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கு வந்தது. இடையில் ஒரு நாள் விட்டவர்களுக்கும் பழக்கம் கெடவில்லை. அமாவாசை அன்று சதுரகிரிக் கூட்டத்தில் உட்கார இடம் கிடைக்காமல் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போனால், அன்றைக்கு விட்டுவிட்டு மறுநாள் தொடரலாம்.